தமிழில் மனக்காயத்தைக் கேட்பது: பயிற்சி ஆலோசகர் ஒருவருக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இது: சிங்கப்பூரில் ஆலோசனைத் துறையில் முதுநிலைப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் களப்பயிற்சி தொடங்குகிறது. தமிழ் பேசுபவர்களை என்னிடம்தான் அனுப்புவார்கள், வெளிநாட்டு ஊழியர்களும் வருவார்கள். படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். விபத்து, குடும்ப வன்முறை, பாலியல் கொடுமை என்று பட்டு வருபவர்களோடு எப்படித் தொடங்குவது, எதைத் தவிர்ப்பது?

பயிற்சிக் காலத்தில் நடக்கும் பெரிய தவறுகள் பெரும்பாலும் நல்ல மனதால் நடப்பவை. வந்தவர் பேசத் தொடங்குகிறார், கண் கலங்குகிறது. கொட்டித் தீர்த்தால் பாரம் இறங்கும் என்று நாமும் நம்பி, முதல் அமர்விலேயே எல்லாவற்றையும் சொல்ல விட்டுவிடுகிறோம். அறையை விட்டுப் போகும்போது அவர் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார். இரவு பதினோரு மணிக்குத் தங்கும் விடுதியின் அடுக்குக் கட்டிலில் படுக்கும்போது எல்லாம் திரும்ப வரும், அப்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அடுத்த வாரம் அவர் வரமாட்டார். நீங்களோ ‘நல்ல அமர்வு’ என்று குறிப்பில் எழுதியிருப்பீர்கள்.

சம்பவம் நடந்த சூட்டோடு ஒருவரை உட்காரவைத்து நடந்ததை முழுதும் சொல்லவைக்கும் ஒற்றை அமர்வு முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பிந்தைய பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது என்று ஆய்வுகள் காட்டியதால் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அந்நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்றே வினைகளைச் சொல்கிறது: பார், கேள், இணை. கேள் என்றால் அவராகச் சொல்வதைக் கேட்பது. குடைந்து கேட்பது அதில் இல்லை.

எப்போது நிறுத்துவது என்பதற்குத் தமிழே ஓர் அடையாளம் தருகிறது. கட்டடச் சாரத்திலிருந்து கூட்டாளி விழுந்ததைப் பார்த்த ஒருவர் எதிரே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “காலையில ஏழரை இருக்கும், நான் கீழ நின்னேன்” என்று தொடங்குகிறார். நாலு வாக்கியம் தாண்டியதும் “திரும்பிப் பாக்குறேன், அவன் வர்றான்” என்கிறார். ‘நின்னேன்’ போய் ‘பாக்குறேன்’ வந்துவிட்டது. இப்படிக் காலம் மாறுவது சாதாரணக் கதை சொல்லிலும் உண்டு. ஆனால் அதோடு பார்வை தரையில் ஒரே இடத்தில் நிலைகுத்தினால், கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தால், குரல் ஏற்ற இறக்கம் இழந்து தட்டையானால், நீங்கள் கேட்டதற்குப் பதில் இரண்டு மூன்று வினாடி தாமதித்து வந்தால், அவர் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, அங்கேயே போய்விட்டார். அப்போது “மேல சொல்லுங்க” என்று தலையாட்டக் கூடாது.

நிறுத்தும் சொற்களை வாய்விட்டுப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் புதிதாக வராது. “அண்ணா, ஒரு நிமிஷம். நீங்க சொல்றது முக்கியம், நான் கேக்கத்தான் போறேன். இப்ப கொஞ்சம் மெதுவா போவோம். காலைத் தரையில அழுத்துங்க. செருப்பு தரையைத் தொடுறது தெரியுதா? இந்த ரூம்ல நீல நிறத்துல என்னென்ன இருக்கு, எனக்குச் சொல்லுங்க.” வேகமாகவோ கெஞ்சலாகவோ சொல்லாமல், தாழ்ந்த குரலில், இடைவெளி விட்டு. ‘நடுவில் நிறுத்துவேன், அது உங்களை நம்பாததால் இல்லை’ என்று அமர்வின் தொடக்கத்திலேயே சொல்லி வைத்திருந்தால் அவர் அவமானப்பட மாட்டார். முதல் அமர்வில் தகவல் வேண்டுமென்றால் தலைப்பு மட்டும் கேளுங்கள்: “என்ன நடந்துச்சுன்னு ஒரு வரியில சொன்னாப் போதும், முழுசா இன்னைக்கு வேணாம்.”

ஐம்பது நிமிட அமர்வென்றால் கடைசிப் பதினைந்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது அவரை மீண்டும் இன்றைக்குக் கொண்டுவரும் நேரம்: இங்கிருந்து எப்படிப் போகிறார், எந்தப் பேருந்து, போனதும் என்ன சாப்பிடுவார், இரவில் யார் அருகில் இருப்பார்கள். அற்பமாகத் தோன்றும் கேள்விகள்தான். ஆனால் பேருந்து எண்ணைச் சொல்ல முடிந்தவர் ஓரளவு இங்கே வந்துவிட்டார். நாற்பத்தைந்தாம் நிமிடத்தில் புதிதாக ஒரு கதவைத் திறப்பவர்கள் உண்டு. “இதை அடுத்த வாரம் முதல்லயே எடுப்போம், நான் எழுதி வச்சுக்கிறேன்” என்று அவர் முன்னாலேயே எழுதுங்கள்.

கலங்கியவரை இந்த நேரத்துக்குக் கொண்டுவரும் நிலைப்படுத்தும் பயிற்சிகளில் ஐம்புலன் எண்ணிக்கை எல்லாருக்கும் தெரியும்: பார்ப்பவை ஐந்து, தொடுபவை நான்கு, கேட்பவை மூன்று, மணப்பவை இரண்டு, சுவைப்பது ஒன்று. கலங்கி நிற்பவருக்கு இந்தக் கணக்கே சுமையாகிவிடும். ஒரு புலனை மட்டும் எடுத்தாலே போதும். நம் ஆட்களுக்குக் கோடாலித் தைலம் நன்றாக வேலை செய்கிறது, பலர் பையிலேயே இருக்கும். ஆனால் முதலில் கேட்டுவிட்டுத் திறங்கள், அந்த வாசனையே சிலருக்கு மருத்துவமனை வார்டை நினைவூட்டும். மூச்சுப் பயிற்சியில் நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும், மூன்று நிமிடம் போதுமானது. வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் இதயத் துடிப்பைத் தணிக்கிறது. ‘நல்லா ஆழமா இழுங்க’ என்று மட்டும் சொன்னால் சிலர் வேக வேகமாக இழுத்துத் தலைசுற்றிப் போவார்கள். கண்ணை மூடச் சொல்லவே சொல்லாதீர்கள். கழுத்து நெரிக்கப்பட்டவர், மண்ணில் புதைந்து மீண்டவர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் ஆகியோருக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பலாம். அவர்களுக்குக் கால், கை, சுவர், குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில்.

நாற்காலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: வாசலுக்கு அருகில் உள்ள இருக்கை அவருடையது, அவருக்கும் கதவுக்கும் நடுவில் நீங்கள் உட்காரக் கூடாது.

சொற்களுக்கு வருவோம். பாடத்தில் படித்த ‘trauma’ என்ற சொல்லுக்கு ‘மனவடு’, ‘அதிர்ச்சி’, ‘மனக்காயம்’ என்று பல தமிழ்ச் சொற்கள் புழங்குகின்றன. வருபவர் இவற்றில் எதையும் சொல்ல மாட்டார். ‘அதிர்ச்சி’ என்றால் மரணச் செய்தி கேட்ட அந்த நொடி என்றுதான் பலருக்குப் படும், ஆறு மாதமாக நீடிப்பது என்று படாது. அவர் சொல்வது “நெஞ்சு படபடன்னு வருது”, “கை கால் வெலவெலத்துப் போகுது”, “தலை பாரமா இருக்கு”, “மரத்துப்போன மாதிரி இருக்கு”, “பயந்த கோளாறுன்னு ஊர்ல மந்திரிச்சாங்க”. அந்தச் சொல்லையே எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். மந்திரித்த கயிறு கையில் இருந்தால் யார் கட்டினார், கட்டியபின் எப்படி இருந்தது என்று கேட்கலாம். அவருக்காகக் கவலைப்படுபவர் யார் என்பது அந்தக் கயிற்றின் வழியாகவே தெரியவரும். அதேசமயம், படபடப்பு என்றதும் மனம்தான் காரணம் என்று முடிவுகட்டாமல் உடல் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். தைராய்டும் இதயமும் அதே அறிகுறியைத் தரும்.

நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் மூன்று சொற்கள் அவருக்கு வேறு பொருள் தரும். ‘சூப்பர்வைசர்’ என்றால் கட்டுமானத் தளத்தில் அவரைத் திட்டும் ஆள். “என் சூப்பர்வைசரிடம் பேசுவேன்” என்று நீங்கள் சொன்னால் விஷயம் கம்பெனிக்குப் போகிறது என்று நினைப்பார். ‘எனக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த ஆலோசகர்’ என்று சொல்லுங்கள். ‘கேஸ்’ என்றால் போலிஸ் கேஸ். ‘கவுன்சலிங்’ என்றால் குடிக்காதே, மனைவியோடு சண்டை போடாதே என்று புத்தி சொல்வது. ஆலோசனை என்ற நம் சொல்லே அந்த எதிர்பார்ப்பைத்தான் உண்டாக்குகிறது, எனவே என்ன செய்யப்போகிறோம் என்பதை இரண்டு வாக்கியத்தில் விளக்குவது தவிர்க்க முடியாதது.

‘ஏன்’ என்ற கேள்வியையும் ஓரம் வையுங்கள். “ஏன் அப்பவே சொல்லல?” என்பது தமிழில் குற்றச்சாட்டு. “அப்ப சொல்றதுக்கு எது தடையா இருந்துச்சு?” என்றால் அதே தகவல் கிடைக்கும். உறவுமுறைச் சொல் பொதுவாக உதவும். ‘அண்ணா’, ‘அக்கா’ என்றால் இறுக்கம் தளர்கிறது, அவர் உங்களைத் ‘தம்பி’, ‘தங்கச்சி’ என்றாலும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் மாமாவாலோ அண்ணனாலோ கெடுக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் எடுத்த எடுப்பில் உறவு கொண்டாட வேண்டாம். “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கேட்டால் முடிந்தது.

ரகசியம் காப்பது பற்றி முதல் பத்து நிமிடத்துக்குள் பேசிவிட வேண்டும், அதுவும் எழுத்துத் தமிழில் இல்லாமல் பேச்சுத் தமிழில். சொல்ல வேண்டியது இது: ‘நீங்கள் சொன்னது கம்பெனிக்கோ ஏஜண்டுக்கோ வீட்டுக்காரருக்கோ போகாது. உயிருக்கு ஆபத்து, சிறுவருக்கு ஆபத்து, சட்டம் கேட்கும் சில சூழல்கள் ஆகியவற்றில் மட்டும் நான் மூத்தவரிடம் சொல்ல வேண்டிவரும், முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன்.’ இதில் சட்டம் என்பது சிங்கப்பூரின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு. அதில் பட்டியலிட்டுள்ள குற்றங்களைப் பற்றித் தெரியவந்தால், தக்க காரணம் இல்லாவிட்டால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மாணவர் என்பதால் இதில் விலக்கு இல்லை. களப்பயிற்சி தொடங்கும் முன்பே அந்தப் பட்டியலை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து வாசித்து, உங்கள் நிலையத்தில் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அமர்வின் நடுவில் தேடிப் பார்க்க நேரம் இருக்காது.

இதோடு இன்னொன்று. 2020 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் சுமார் 9 விழுக்காடு, அதில் தமிழர் வட்டம் இன்னும் சிறியது. உங்களிடம் வருபவர் உங்கள் சித்தியின் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். வீரமாகாளியம்மன் கோயில் வரிசையில் பார்க்க நேர்ந்தால் நீங்களாகப் பேச மாட்டீர்கள், அவர் பேசினால் மட்டும் பேசுவீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் பெருமூச்சு விடுவது உங்களுக்கே தெரியும்.

வினாத்தாள்களைப் பொறுத்தவரை, பிடிஎஸ்டி எனப்படும் மனக்காயத்துக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாற்றின் அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 இருபது கேள்விகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80, வழக்கமாக 31 முதல் 33 வரையுள்ள மதிப்பெண் மேலாய்வு தேவை என்பதற்கான எல்லை. அது அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5 வகுத்த இருபது அறிகுறிகளை ஒட்டியது: ஊடுருவும் நினைவுகள் ஐந்து, தவிர்த்தல் இரண்டு, எண்ணத்திலும் மனநிலையிலும் எதிர்மறை மாற்றம் ஏழு, எச்சரிக்கை மிகுதி ஆறு. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பிடிஎஸ்டி என்ற பேச்சு. மூன்று நாள் முதல் ஒரு மாதம்வரை கடும் மனஅழுத்தக் கோளாறு என்று தனியாக உண்டு. விபத்து நடந்து பத்து நாள் ஆனவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் பலருக்கும் அது தானே தணியும், அதையும் அவரிடம் சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 நீண்டகால வன்முறைக்கு ஆளானவர்களுக்குச் சிக்கலான பிடிஎஸ்டி என்று ஒன்றைத் தனியாகப் பிரிக்கிறது. பிடிஎஸ்டியின் அறிகுறிகளோடு உணர்வைக் கட்டுப்படுத்த முடியாமை, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், உறவுகளில் சிக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது அது. கணவனிடம் பத்து ஆண்டு அடி வாங்கியவரைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிப்பு அதிகம் உதவும்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போவதில். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வீர்கள், இரண்டு மதிப்பெண்களை ஒப்பிட முடியாது. நிலையத்தில் எழுத்து வடிவ மொழிபெயர்ப்பு இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் எண்ணை நம்பாதீர்கள். இன்னொரு சறுக்கல்: “எல்லாம் என் தலையெழுத்து” என்பதைத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதாகக் குறித்துக்கொள்வது. பலருக்கு அது ஆறுதல், பழியை யார் தலையிலும் போடாமல் இறக்கிவைக்கும் வழி. “நான் அவனை மேல அனுப்பியிருக்கக் கூடாது” என்பதுதான் நீங்கள் தேட வேண்டிய வாக்கியம்.

தற்கொலை எண்ணத்தை நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. “வாழ்க்கை வெறுத்துப்போச்சா?” என்று சுற்றி வளைத்தால் ஆமாம் என்பார்கள், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. “செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? இன்னைக்கு அந்த எண்ணம் இருக்கா?” இந்த வரிசையில். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் இல்லை. இது பலருக்கு இன்னும் தெரியாது, போலிஸ் பிடிக்கும் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். பாதுகாப்புத் திட்டத்தை அவர் கையெழுத்திலேயே ஆறு படியாக எழுதவைக்கலாம்: எண்ணம் கிளம்புவதற்கான அறிகுறி, தானாகச் செய்யக்கூடியது, மனத்தைத் திருப்பும் இடமும் ஆளும், உதவி கேட்கக்கூடியவர், தொழில்முறை உதவி, கையெட்டும் தூரத்தில் உள்ள ஆபத்தான பொருளை அகற்றுவது. ‘செய்ய மாட்டேன்’ என்று சத்தியம் வாங்குவது வேண்டாம். அது உங்கள் பயத்தைத்தான் தணிக்கும்.

உதவி எண்கள்: தற்கொலைத் தடுப்புக்குச் சமரிட்டன்ஸ் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகம் 6389 2222, வன்முறை, பாலியல் தொல்லைக்கு 1800 777 0000, வெளிநாட்டு ஊழியர் நிலையம் 6536 2692. இவை எல்லாம் நாள் முழுதும் இயங்குபவை. அவரிடம் கொடுக்கும் முன் நீங்களே அழைத்து, தமிழில் பேச ஆள் எந்நேரத்தில் கிடைப்பார் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். நள்ளிரவில் அழைத்து ஆங்கிலத்தில் திணறிய ஒருவர் மறுபடி அழைக்க மாட்டார்.

பழைய பயத்தைக் கிளப்பும் தூண்டல்களில் சிங்கப்பூருக்கே உரிய சில உண்டு. பிப்ரவரி 15 மாலை 6.20க்கும் செப்டம்பர் 15 அன்றும் பொது எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும். ஜூலையில் தேசிய தின ஒத்திகைக்குப் போர் விமானங்கள் தாழப் பறக்கும். வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ குண்டுவீச்சைப் பார்த்தவர் உங்களிடம் வந்தால் முந்தைய வாரமே சொல்லி வையுங்கள். எப்போது, எவ்வளவு நேரம், ஏன் என்று முன்கூட்டித் தெரிந்த சத்தத்துக்கு உடல் வேறு மாதிரி எதிர்வினை காட்டும். கட்டுமான ஊழியருக்கோ லாரி ஏறியதும் விபத்து நடந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும், அதை அவரால் தவிர்க்க முடியாது. லாரியில் எந்தப் பக்கம் உட்காருவது, எதைப் பிடித்துக்கொள்வது, யாரோடு பேச்சுக் கொடுப்பது என்று அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் திட்டமிடுவது பல வாரத் தத்துவத்தைவிடப் பயன்படும்.

முடிந்துபோன சம்பவம் என்று நாம் நினைப்பது பலருக்கு முடியவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. காயம்பட்ட ஊழியர் தற்காலிகமாகத் தங்குவதற்கான சிறப்பு அனுமதி அட்டையில் இருக்கிறார், இழப்பீடு இழுபடுகிறது, ஊரில் ஏஜண்டுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. வேலையிட விபத்துக்கான இழப்பீட்டு மனுவை ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்பதும் உங்கள் வேலைதான். பணிப்பெண்ணின் கைப்பேசி முதலாளி கையில் இருக்கலாம், நீங்கள் அனுப்பும் செய்தி அவர் கண்ணில் படலாம். பாதுகாப்பான நேரம், பாதுகாப்பான எண், ‘தவறான அழைப்பு’ என்று வைத்துவிட ஒரு குறிச்சொல் ஆகியவற்றை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். 2023இலிருந்து பணிப்பெண்ணுக்கு மாதந்தோறும் ஒரு ஓய்வு நாளையாவது கொடுத்தாக வேண்டும், அதைப் பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது, அந்த நாளில் அமர்வை வைக்கலாம். தொலைபேசி அமர்வென்றால் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ‘ஆமாம்’, ‘இல்லை’ மட்டும் சொன்னால் போதும்படி கேள்விகளை மாற்றுவது ஒரு வழி.

சிகிச்சை முறைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சம்பவம் பற்றிய எண்ணங்களை ஆராயும் அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சை சுமார் 12 அமர்வுகள், தவிர்த்துவந்த நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை 8 முதல் 15, ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம்வரை. கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் முறையும் உண்டு. இவற்றுக்கு ஆதாரம் நன்றாக இருக்கிறது, ஆனால் தனிப் பயிற்சியும் அதே முறையில் தேர்ந்த மேற்பார்வையும் இல்லாமல் காணொளி பார்த்துச் செய்யும் காரியம் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து அமர்வு ‘பிஎம் பிளஸ்’ முறை பயிற்சி மாணவருக்கு நல்ல இடைவழி: மூச்சு, பிரச்சினைத் தீர்வு, செயலில் இறங்குதல், ஆதரவைத் தேடுதல். எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. ஆறு மாதம் நிலைப்படுத்தலிலேயே ஓட்டிவிடுவது. அவர் தயாராகிவிட்டார், நமக்குத்தான் கேட்கப் பயம். தூக்கம் ஓரளவு திரும்பி, தற்கொலை எண்ணம் தணிந்து, வீட்டில் அடி நின்றிருந்தால், காயத்தை நேராக எடுக்கும் சிகிச்சைக்கு அனுப்புவது பற்றிப் பேசத் தொடங்குங்கள். வேலை அனுமதி அட்டைக்காரர்களுக்கு முதலாளி எடுக்கும் மருத்துவக் காப்புறுதி மருத்துவமனைச் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும் உரியது, ஆலோசனைக்கு அதை நம்ப முடியாது. வெளிநாட்டு ஊழியருக்கு உதவும் ஹெல்த்சர்வ் போன்ற தொண்டமைப்புகளோடு தொடர்பை முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு எழுதும்போது, அது ஒருநாள் நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம் என்ற எண்ணத்தோடு எழுதுங்கள். அவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே, மேற்கோள் குறிக்குள், தமிழிலேயே. பக்கத்தில் மொழிபெயர்ப்பு. ‘கணவர் அடித்தார் எனக் கூறினார்’ என்பது குறிப்பு, ‘மிகைப்படுத்துவதாகத் தோன்றுகிறது’ என்பது தீர்ப்பு.

உங்களைப் பற்றி. ஒரே நாளில் இப்படிப்பட்ட மூன்று பேரை அடுத்தடுத்து வைக்காதீர்கள், நடுவில் வேறு வகை வேலை ஒன்று வரட்டும். உதவித் தொழிலில் இருப்பவரின் களைப்பையும் நிறைவையும் அளக்கும் புரோகுவால் என்ற முப்பது கேள்வித் தாள் கடந்த 30 நாளைப் பற்றிக் கேட்பது, மாதம் ஒருமுறை நிரப்பினால் போக்கு தெரியும். எண்ணைவிட நம்பகமான அறிகுறிகள் வேறு: ஒருவர் வராமல் போனதும் நிம்மதி வருவது, எம்ஆர்டியில் அவர் சொன்ன காட்சி உங்கள் காட்சியாக ஓடுவது, வீட்டில் யாரையும் தனியாக வெளியே விட மனம் வராமை. மேற்பார்வைக்கு முழு அமர்வின் சுருக்கத்தைக் கொண்டுபோகாமல், நீங்கள் கவனம் இழந்த ஐந்து நிமிடத்தைக் கொண்டுபோங்கள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்த ஐந்து நிமிடத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதி மொழிபெயர்த்துக் கொடுங்கள். எழுதும்போதே பாதி தெரிந்துவிடும். உங்கள் சொந்த வாழ்க்கையில் இதே காயம் இருந்தால் அந்த வகை ஆள் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். விவரம் தர வேண்டியதில்லை.

கடைசியாக, களப்பயிற்சிக்கு முடிவு தேதி உண்டு. நம்பி வந்தவர்களை விட்டுப் போனவர்கள் அவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். முதல் அமர்விலேயே எந்த மாதம்வரை இருப்பீர்கள் என்று சொல்லுங்கள், நான்கு அமர்வு மிச்சம் இருக்கும்போது மறுபடி சொல்லுங்கள். வேறொருவரிடம் ஒப்படைப்பதாக இருந்தால் மூவரும் சேர்ந்து ஓர் அமர்வு வையுங்கள். அதில் அவருடைய கதையை நீங்கள் சொல்லாதீர்கள். எதைச் சொல்லலாம், எதை வேண்டாம் என்று முந்தைய வாரம் அவரோடு பேசி, ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை அவர் கையாலேயே புதியவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.